வலப்பக்கம் இழுத்த கார்

அத்தியாயம் ஐந்து

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இறங்கியவள் செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மாடிப்படி ஏறினால் கோளாறு பெரிது என்று அர்த்தம்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எழிலரசியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. எழிலரசி முன்பு போலீஸில் ஏட்டாக இருந்தவள். மேலே இருந்தவர்களையும் நம்ப முடியவில்லை, கீழே இருந்தவர்களையும் நம்ப முடியவில்லை, வேலையை விட்டுவிட்டாள். இப்போது நம்பாமல் இருப்பதற்கே கூலி வாங்குகிறாள். அவளுக்கு உதவியாள் கருப்பன். நாற்பது வயது. ஆட்டோ ஓட்டியவன், இப்போதும் ஓட்டுகிறான். அவன் ஆட்டோவில் ஹாரன் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. அவன் வாய் இருக்கும்போது ஹாரன் எதற்கு?

வந்தவள் பத்மினி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எழிலரசி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"என்னைக் கொல்லப் பாக்கறாங்க மேடம். கார் வச்சு."

"மோத வந்தாங்களா?"

"இல்லைங்க. என் காரே என்னைக் கொல்லப் பாக்குது."

கருப்பன் தலையைச் சொறிந்தான். "கார் மேலயே கம்ப்ளெயின்டா? தகப்பனார் பேருன்னு கேட்டா கம்பெனி பேரைத்தான் எழுதணும்."

"கருப்பா, ஆட்டோ கிளம்பறதுக்குள்ள கீழ போய் டீச்சர் செருப்பை எடுத்துட்டு வா."

அவன் போய்விட்டு வருவதற்குள் பத்மினி பாதி சொல்லிவிட்டாள். வீடு அடி அண்ணாமலையில். போன வாரம் காருக்கு நாலு டயரும் புதிதாக மாற்றினார்கள். கையோடு வீல் அலைன்மென்டும் பார்த்தார்கள். சக்கரம் நான்கும் நேராக நிற்கிறதா என்று கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்துத் திருத்துகிற வேலை அது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுத்தாள். கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் வந்ததும் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பப் பார்த்தது.

"லேசா இல்லைங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்துகிட்டு ஸ்டியரிங்கைப் புடிச்சுத் தள்ளற மாதிரி. வலது பக்கம்னா எதிர்ல பஸ் வர்ற பக்கம். இன்னிக்கு காலையில பஸ் டிரைவர் கண்ணை நான் பாத்தேன். அவ்வளவு கிட்ட."

"டயர் கடைக்குப் போனீங்களா?"

"ரெண்டு தடவை. வளவன்னு பேரு, இதே ரோட்டுக் கடைசில, கிரிவலப் பாதை திரும்பற எடத்துல கடை. கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா காட்டுது, நானே ஓட்டிப் பாத்துட்டேன், வெண்ணெய் மாதிரி போவுதுன்னு சொல்லிட்டாரு. சந்தேகத்துக்கு ஆக்டிங் டிரைவர் தசரதனைக் கூப்பிட்டு தனியா ஓட்டிப் பாக்கச் சொன்னேன். அவரும் சுத்திட்டு வந்து, 'காரு இழுக்கலம்மா, மலைதான் இழுக்குது, புண்ணியம்'னு சிரிச்சாரு."

"வீட்டுக்காரர்?"

"அவரும் பாத்தார். ஞாயித்துக்கிழமை விடியக்காலம், நீ போற வழியிலேயே ஸ்கூல் கேட் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், ஒண்ணும் இல்ல, உன் மனசுதான் இழுக்குதுன்னார்."

மூன்று ஆண்கள் ஓட்டினால் ஒழுங்காகப் போகிற கார் ஒரு பெண் ஓட்டினால் இழுக்கிறது என்றால், ஊர் யாரைக் குற்றம் சொல்லும் என்று சொல்லவே வேண்டாம். பத்மினிக்கே தன் புத்தி மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது?"

"அதான் மேடம் எனக்கு ஜாஸ்தி பயம். சாயங்காலம் ஒண்ணுமே பண்றதில்லை. சாதுவா வீட்டுக்கு வந்துடுது. காலையிலதான் அதுக்கு புடிக்குது."

கருப்பன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுலயும் அப்படித்தான் டீச்சர், காலையில பக்கத்துல போவ முடியாது" என்றான்.

"கார்ல உங்ககூட யார் வருவாங்க?"

"என் பொண்ணு அக்ஷயா. அவளைக் காலேஜ்ல எறக்கிவிட்டுட்டு நான் ஸ்கூலுக்குப் போவேன். நல்லவேளை, டயர் மாத்தினதுலேர்ந்து அவங்கப்பாவே டூ வீலர்ல கொண்டுபோய் விடறார். உனக்கு நேரமாவுதுன்னு சொல்லி."

எழிலரசி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "யாருக்கு உங்க மேல அவ்வளவு கோவம்?"

பத்மினி குரலைத் தாழ்த்தினாள். அவள் வீட்டுக்காரர் ஜினராஜின் தம்பி பவன், கிரிவலப் பாதையில் பூ விற்கும் மணியம்மாள் மேல் காரை ஏற்றிவிட்டு நிற்காமல் போனவன். மணியம்மாளுக்கு இனி நடக்க வராது. அந்தக் காரையும் அதை ஓட்டியவனையும் பார்த்த ஒரே ஆள் பத்மினி. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் அவள் சாட்சி.

"பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுன்னு எல்லாரும் கெஞ்சினாங்க. மாமியார் கால்ல விழ வந்தாங்க. பாத்ததை பாக்கலன்னு எப்படிங்க சொல்றது? நாங்க ஜைனருங்க, நயினார்னு சொல்வாங்க. பொய் சொல்றதில்லைன்னு விரதம்."

பொய் சொல்லாத குடும்பம் என்று ஒன்று இருப்பதாக எழிலரசி நம்பவில்லை. ஆனால் இந்தப் பெண் சொல்லமாட்டாள் என்று மட்டும் தோன்றியது. அதுவே அவளுக்கு அதிகம்.

"பவன் இப்ப எங்க?"

"போளூர்ல, அவன் மாமியார் வீட்டுல."

"போளூர் இன்னா அமெரிக்காவுலயா இருக்குது?" என்றான் கருப்பன். "ஆளு கிடைச்சாச்சு மேடம். கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா நீ வீட்டுக்குப் போ. நான் காரைப் பாக்கப் போறேன்."

கார் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றது. வெள்ளைக் கார். பார்த்தால் பால்காரன் மாடு போலச் சாதுவாக இருந்தது. கருப்பன் ஓட்டினான். எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்மினி பின்சீட்டில் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். செங்கம் ரோட்டின் கோடிக்குப் போய் கிரிவலப் பாதையில் திரும்பி, வளவன் கடை வரை கார் குலுங்காமல் போனது.

"மேடம், இது காரே இல்ல, பசு. ஸ்டியரிங்கை விட்டுட்டு பீடி பத்த வைக்கலாம்."

எழிலரசி திரும்பிப் பார்த்தாள். பத்மினி அழுதுகொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிகிறதே என்ற பயம், சாவு பயத்தைவிட மோசமானது.

வளவன் கடையில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் இருந்தது. வளவன் நெற்றியிலும் பட்டை பட்டையாக விபூதி. பத்மினியைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"மறுபடியுமா டீச்சர்? பாருங்க, பச்சை, பச்சை, பச்சை. மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாது" என்றாள் எழிலரசி. "கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். முன்னாடி ரெண்டு டயரையும் வலது எடதா மாத்திப் போடு."

"எதுக்கு?"

"சில புது டயர் ஒரு பக்கமா உருளும். டயர்ல கோளாறுன்னா, டயர் எந்தப் பக்கம் போவுதோ இழுப்பும் அந்தப் பக்கம் போவணும். போவலன்னா டயர் மேல தப்பில்லை."

வளவன் முணுமுணுத்துக்கொண்டே ஆளிடம் மாற்றச் சொன்னான். வேலை நடக்கும்போது எழிலரசி சாதாரணமாகக் கேட்டாள்.

"நீ எங்க ஓட்டிப் பாத்தே?"

"கிரிவலப் பாதையிலதான். புது டயர் போட்ட எந்த வண்டியா இருந்தாலும் டயர் அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு, என் கையால அண்ணாமலையாரை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் சாவி குடுப்பேன்."

"எந்தப் பக்கமா சுத்துவே?"

வளவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். டயர் கழற்றிக்கொண்டிருந்த ஆளும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"இன்னா மேடம் கேள்வி இது? வலமாத்தான். மலை நமக்கு வலது கைப்பக்கம் இருக்கணும்."

"எதிர்ப்பக்கமா ஒரு தடவைகூட?"

"சாமியை எடமா சுத்திட்டு நான் கடை நடத்தறதா?"

எழிலரசி ஆக்டிங் டிரைவர் தசரதனுக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டாள். போனை அவள் காதிலிருந்து எட்டத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கருப்பனுக்கும் கேட்டது. "மலையை எடத்துல விட்டு இந்த தசரதன் ஸ்டியரிங் புடிச்சதே கிடையாதும்மா. வேலூர் பஸ்சுக்கு நேரமானாலும் சுத்திக்கிட்டுத்தான் போவேன்."

"புண்ணியம் சரி" என்றான் கருப்பன். "இழுக்கறதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?"

"வா, காட்டறேன். டீச்சர், நீங்க இங்கேயே இருங்க."

அடி அண்ணாமலை வரை போனார்கள். மலை வலப்பக்கம். கார் பசு. ஊருக்குள் காரைத் திருப்பச் சொன்னாள். இப்போது மலை இடப்பக்கம் வந்தது. பத்மினி தினமும் காலையில் வரும் வழி. கருப்பன் விசில் அடித்துக்கொண்டே வேகம் எடுத்தான்.

விசில் நின்றது.

ஸ்டியரிங் அவன் கையில் உயிருள்ள பிராணி போல வலப்பக்கம் நெளிந்தது. அவன் இடப்பக்கம் பிடித்து இழுத்தான். ரோடும் இடப்பக்கம்தான் வளைந்தது. கார் மட்டும் வரமாட்டேன் என்று எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியது. எதிரே ஒரு டவுன் பஸ், நெற்றியில் விபூதி போல ஊர்ப் பேரோடு வந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. கருப்பன் பிரேக்கை மிதித்தான். மிதித்ததும் கார் இன்னும் ஒரு முழம் வலப்பக்கம் பாய்ந்தது. பஸ் டிரைவர் ஏதோ கத்திக்கொண்டே ஓரம் கட்டினார். பஸ்ஸின் காற்று காரை ஆட்டிவிட்டுப் போனது.

கார் கோணலாக நடுரோட்டில் நின்றது. கருப்பன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கருப்பன் பேசாமல் இருந்ததை எழிலரசி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"மலையைச் சுத்தற ரோடு" என்றாள் மெல்ல. "பாத்தா நேரா இருக்கும். ஆனா வளைஞ்சுகிட்டே இருக்கு. வலமா போறவனுக்கு ரோடும் வலது பக்கம் வளையுது, காரும் வலது பக்கம் இழுக்குது. ரெண்டும் ஒண்ணா போறதால அவனுக்கு வெண்ணெய். டீச்சர் காலையில எதிர்ப்பக்கமா வர்றாங்க. அவங்களை ரோடு மலைப் பக்கம் இழுக்குது, காரு எமன் பக்கம் இழுக்குது."

கருப்பனுக்கு இப்போதுதான் நாக்கு வந்தது. "மேடம், டயர் மாத்திப் போட்டோமே. இன்னும் வலது பக்கம்தானே இழுக்குது?"

"அதனால டயர் இல்ல. மெதுவா ஓட்டு. ரொம்ப மெதுவா."

நடந்து போகிற வேகத்தில் கடைக்கு வந்தார்கள். காரை உயர்த்தி அடியில் டார்ச் அடித்தார்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் என்பார்கள். வலப்பக்கத்துக் கையின் போல்ட் கழன்று தொங்காத குறை. வளவன் கடப்பாறை வைத்து நெம்பினான். சக்கரம் பின்னால் நகர்ந்து, விட்டதும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நட்டைச் சுற்றி எண்ணெய் அழுக்கில் புதிதாக ஸ்பேனர் பட்ட வெள்ளைக் கீறல்.

வளவனின் விபூதி வியர்வையில் கரைந்து இறங்கியது. "நிக்கற வண்டியில இது எடத்துல உக்காந்துக்குது மேடம். ஓடும்போது, பிரேக் புடிக்கும்போது நகருது. மெஷின் நிக்கற வண்டியைத்தானே பாக்குது. நான் இல்ல மேடம். சத்தியமா என் கடையில இதைத் தொடவே இல்ல."

"தெரியும்."

"புது டயர் போட்ட கையோட இப்படி ஆனா ஊரே என்னைத்தான் சொல்லும்."

"அதுக்குத்தான் இந்த நேரம் பாத்து செஞ்சிருக்காங்க" என்றாள் எழிலரசி. "இன்னும் கொஞ்ச நாள் ஓடினா?"

வளவன் பத்மினியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சக்கரம் தனியா போயிடும்."

பத்மினி கடையின் உள்ளறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் புத்தி சரியாகத்தான் இருந்தது என்ற நிம்மதி ஒரு நிமிடம் கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. புத்தி சரி என்றால் கொலையும் நிஜம்.

"பவன்தான் மேடம்" என்றான் கருப்பன். "போளூருக்கு ஆட்டோவை எடுக்கட்டுமா?"

எழிலரசி அவனைக் கையமர்த்தினாள். வளவனைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். கருப்பனிடம் வந்து வேறு ஏதோ சொன்னாள். கருப்பன் சிரித்துக்கொண்டே நடந்து போய், ஆபீஸ் வாசலில் நின்ற ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்குள் போய்விட்டான்.

"டீச்சர், பொழுது சாயும்போது உங்க வீட்டுக்காரர் எங்க இருப்பார்?"

"காஞ்சி ரோட்டுல எங்க உரக்கடையில. இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவார். நாங்க சூரியன் மறைஞ்சா சாப்பிட மாட்டோம். ஏன் மேடம்?"

"அவர்கிட்டதான் போறோம். காரை நானே ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"இந்தக் கார்லயா?"

"இந்தக் கார்லதான்."

"எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள் எழிலரசி. பொய் சொல்லவில்லை.

செங்கம் ரோடு வழியாகத் திரும்பி வந்தார்கள். டவுனுக்குள் ஊர்ந்துதான் போக முடிந்தது. பத்மினி வழி நெடுக வெளியே பார்க்கவில்லை. மடியில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உரக்கடை காஞ்சி ரோட்டில், டவுனின் வடக்குக் கோடியில் இருந்தது. அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு மேற்கே கிரிவலப் பாதையில் போனால் கிட்டம். அப்படிப் போனால் மலை இடப்பக்கம் வரும். தினமும் டூ வீலரில் அப்படித்தான் ஜினராஜ் போவார்.

ஜினராஜ் பெரிய உருவம். மெல்லிய குரல். சொந்த டிராக்டரைத் தானே பிரித்துத் தானே மாட்டுகிறவர் என்று அந்தப் பக்கத்தில் பேர். அவர் தன் டூ வீலரின் பக்கத்தில் நின்று, தட்டையாகக் கிடந்த பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் கருப்பன் தன் ஆட்டோவில் சாய்ந்தபடி வேர்க்கடலை தின்றான்.

"பாவம் நயினாரே, காத்து போயிடுச்சா?" என்றான். "இந்தக் காலத்துல டயரை நம்பவே கூடாது."

எழிலரசி சொல்லிக்கொடுத்தபடி பத்மினி காரிலிருந்து இறங்காமலே கூப்பிட்டாள். "ஏங்க, பொழுது போவுது. கார்லயே போயிடலாம் வாங்க."

ஜினராஜ் காரைப் பார்த்தார். எழிலரசியைப் பார்த்தார்.

"இவங்க?"

"ஸ்கூல்ல பேரன்ட் சார்" என்றாள் எழிலரசி. அவளுக்கு விரதம் எதுவும் கிடையாது. "டீச்சருக்கு கை நடுங்குது. நீங்க ஓட்டினா நல்லாருக்கும். நான் அடி அண்ணாமலையில எறங்கிக்கறேன்."

"ஆட்டோவுலயே போயிடலாமே."

"எனக்கு மலையை எடத்துல விட்டு ஓட்டினா கண்ணு தெரியாது நயினாரே" என்றான் கருப்பன். "சுத்திக்கிட்டு போனா இருட்டிடும். சாப்பாடு போச்சு."

"காருக்கு ஏதாச்சும் கோளாறா சார்?" எழிலரசி கேட்டாள்.

"சேச்சே. நானே ஓட்டிப் பாத்தேனே."

அவர் ஏறி உட்கார்ந்தார். எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் நிழல் ரோட்டின் மேல் படுத்திருந்தது. பின்னாலேயே கருப்பனின் ஆட்டோ சத்தம்.

காஞ்சி ரோட்டிலிருந்து திரும்பியதும் ரோடு காலியாக இருந்தது. ஓரத்தில் நடைபாதையில் இரண்டு மூன்று பேர் வெறுங்காலோடு கிரிவலம் வந்துகொண்டிருந்தார்கள். ஜினராஜ் மெதுவாகத்தான் ஓட்டினார். எதிரே கரும்பு லாரி ஒன்று வளைவில் திரும்பியது. அவர் கொஞ்சம் பிரேக்கைத் தொட்டார்.

எழிலரசி ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். இடது கை கீழே இறங்கி, முட்டி வெளுக்கும்படி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது.

கார் இடப்பக்கம் பாய்ந்தது.

பத்மினி வீறிட்டாள். முன்சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் ஏறியது. கும்பிட்டபடி வந்துகொண்டிருந்த ஒருவர் துள்ளி விலகினார். ஒரு புளியமரம் கண்ணாடி முழுவதும் நிறைந்தது. எழிலரசி எதற்கோ தயாராக இருந்தவள் போலக் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தாள். காரின் மூக்கு மரத்தில் லேசாக முட்டி நின்றது. முன்விளக்கு ஒன்று உடைந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. லாரி தன்பாட்டுக்குப் போய்விட்டது.



"இழுக்காத காரை எதுக்கு சார் இழுத்துப் புடிச்சீங்க?" என்றாள் எழிலரசி.

ஜினராஜ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"மத்தியானமே வளவன் போல்ட்டை முடுக்கிட்டான். டயரையும் பழையபடி மாத்திட்டான். கார் இப்ப நேரா போவுது. இது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். மலையை எடத்துல விட்டு ஓட்டினா, பிரேக்கைத் தொட்டா, வலது பக்கம் பாயும்னு உங்க கைக்கு எப்படி சார் தெரியும்? ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே."

"அது... இவ சொன்னா. அதனால..."

"சொன்னதை நம்பலைன்னுதான் மனசு இழுக்குதுன்னு சொன்னீங்க. வளவன் இழுக்கலன்னு சொன்னான். அவன் வலமா மட்டும் ஓட்டினான், அது நெஜம். தசரதனும் அதேதான், அதுவும் நெஜம். டீச்சர் வழியில ஓட்டிட்டு இழுக்கலன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். அந்த வழியில ஓட்டி அப்படிச் சொல்ல முடியாது சார். எங்க கருப்பனுக்கே பேச்சு வரல."

ஆட்டோவை நிறுத்திவிட்டு கருப்பன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தான்.

"பவன் சின்னப் பையன்" என்றார் ஜினராஜ். அவர் மெல்லிய குரல் இன்னும் மெலிந்திருந்தது. "ஜெயிலுக்குப் போனா செத்துடுவான். கொல்ல நினைக்கல பத்மினி. உன்னை பயமுறுத்தணும்னுதான். லேசா எங்கயாவது முட்டி, கை கால்ல அடிபட்டு, திங்கக்கிழமை நீ ஆஸ்பத்திரியில இருந்தா போதும்னு... அவ்வளவுதான்."

பின்சீட்டில் பத்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெற்றியில் முன்சீட்டில் இடித்த சிவப்புத் தடம். அவள் பேசியபோது குரலில் அழுகை இல்லை.

"அவ்வளவுதான்னா, அக்ஷயாவை ஏங்க உங்க வண்டியில ஏத்திக்கிட்டீங்க?"

ஜினராஜ் கதவின் கைப்பிடியைத் தேடினார்.

"லேசா முட்டும்னா அவளும் என்கூட வந்திருக்கலாமே. டயர் மாத்தின மறுநாளே, உனக்கு நேரமாவுதுன்னு சொன்னீங்க. எவ்வளவு அக்கறைன்னு நெனைச்சேன். ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"காலையில ஆபீஸ்ல நீங்க அதைச் சொல்லும்போதே எனக்கு சந்தேகம் டீச்சர்" என்றாள் எழிலரசி மெதுவாக. "நல்ல கார்னு சொல்ற அப்பா, பொண்ணை மட்டும் அதுல ஏத்தல."

மலைக்குப் பின்னால் வெளிச்சம் ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது. ஜினராஜ் பழக்க தோஷத்தில் அதைப் பார்த்தார். பத்மினி அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"ஒரு பூச்சி தெரியாம வாயில விழுந்து செத்துடக்கூடாதுன்னு வெளிச்சத்துலயே சாப்பிடறோம்ங்க நாம" என்றாள். "இன்னிக்கு சாப்பிடாதீங்க."

கருப்பன் கதவைத் திறந்தான். ஜினராஜ் இறங்கி, யாரும் சொல்லாமலே ஆட்டோவில் போய் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உருவம் அந்த ஆட்டோவில் எப்படி மடங்கியது என்பது ஆச்சரியம்தான்.

"ஸ்டேஷனுக்கு நானும் போறேன்" என்றாள் எழிலரசி. "உங்களை வீட்டுல விட ஆள் அனுப்பட்டுமா? தசரதனைக் கூப்பிடட்டுமா?"

"அவர் சுத்திக்கிட்டு வருவார். என் பொண்ணு தனியா இருக்கா." பத்மினி கீழே இறங்கி, உடைந்த விளக்கைப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தாள். "இப்ப நெஜமாவே நேரா போவுமா மேடம்?"

"போவும்."

"நீங்க பாத்தீங்களா? நெஜமா?"

"என் கண்ணால பாத்தேன் டீச்சர். போல்ட்டை முடுக்கும்போது கூடவே நின்னேன். வளவனையும் நான் நம்பல."

பத்மினி காரைப் பின்னால் எடுத்து ரோட்டில் இறக்கினாள். மலை இடப்பக்கம். ஒற்றை விளக்கின் வெளிச்சம் ரோட்டில் முன்னால் ஓடியது. கொஞ்ச தூரத்திலேயே எதிரே ஒரு பஸ்ஸின் விளக்குகள் தெரிந்தன. பஸ் நெருங்கியது. கார் மெல்ல, மெல்ல, இடப்பக்கமாக ஓரக்கல்லை நோக்கி ஒதுங்க ஆரம்பித்தது.

அலறப் போனவள் கீழே பார்த்தாள்.

இழுத்தது கார் இல்லை. அவள் இடது கைதான். இத்தனை நாள் எதிர்த்துப் பிடித்துப் பழகி, இல்லாத ஒன்றை இன்னும் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

பஸ் அவளைக் கடந்து போனது. பத்மினி அந்தக் கையை விரல் விரலாகத் தளர்த்தினாள். கார் நேராகப் போனது.